மட்டசனம்: சரீரத்தோடும் வீட்டாரோடும் சமாதானம்



தபசுகாலம் நெருங்குகிறது. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டதும் நம்மில் அநேகர் பெரிய பெரிய பிரதிக்கினைகள் செய்வோம். ஒருவர், "நாற்பது நாளும் ஒருவேளைச் சாப்பாடுதான்" என்பார். இன்னொருவர், "இனி இந்த வீட்டில் காப்பி என்ற பேச்சே கிடையாது" என்பார். வேறொருவர் டாக்டரிடம் வாங்கிய வசவின் வேகத்தில், "நாளை முதல் விடியற்காலம் 4 மணிக்கு எழுந்து 5 கிலோமீட்டர் நடப்பேன்" என்பார். முதல் வாரம் வெகு ஜோராய்ப் போகும். இரண்டாம் வாரம் தலைவலி. மூன்றாம் வாரம் வீட்டிலுள்ளோர் எல்லார்மேலும் எரிந்து விழுதல். பாஸ்குத் திருநாள் வருமுன்னே, பழைய குருடி கதவைத் திறடி என்ற கதையாகிவிடும்.

ஆகையால் இவ்வாரம் நாம் ஞானோபதேசத்தில் சிறு வயதில் மனப்பாடம் செய்து பின்பு மறந்துபோன ஒரு புண்ணியத்தைப்பற்றிச் சற்று சிந்திப்போம். தலையான புண்ணியங்கள் நான்கு: விவேகம், நீதி, திடன், மட்டசனம். இந்தக் கடைசிப் புண்ணியத்தின் பெயரே அதன் பொருளைச் சொல்லுகிறது. மட்டு என்றால் அளவு; அசனம் என்றால் உணவு. ஆனால் திருச்சபை இந்த வார்த்தையைச் சோற்றுத் தட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தூக்கம், வேலை, பேச்சு, களிப்பு, ஏன், தபசு முதலாய் எல்லாவற்றிலும் தக்க அளவைக் கண்டு நடப்பதே மட்டசனம்.

நம் பங்கில் இரண்டு வகையாரைக் காண்கிறோம். ஒரு வகையார், "சாமி, ஆண்டவர் கொடுத்த உயிர், அவர் எடுக்கும்போது எடுக்கட்டும்" என்று சொல்லி, சர்க்கரை வியாதி இருந்தும் கல்யாண வீட்டில் இரண்டு முறை பாயசம் வாங்கிக்கொள்வார்கள். இரத்தக் கொதிப்பு இருந்தும் ஊறுகாயை விடமாட்டார்கள். நள்ளிரவு 12 மணி வரைக்கும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விடியற்காலப் பூசைக்கு எழுந்திருக்க முடியவில்லை என்பார்கள். மற்ற வகையார் சரீரத்தைத் தவிர வேறெதையும் நினையார்கள். எதைத் தின்னலாம், எதைத் தின்னலாகாது, எடை எத்தனை, இடுப்பு எத்தனை என்பதே காலை ஜெபமும் மாலை ஜெபமுமாகிவிட்டது. அண்டை வீட்டார் அன்போடு கொடுத்த கொழுக்கட்டையையும் முகஞ்சுளித்துத் திருப்பி அனுப்புவார்கள்.

இந்த இரு வகையாரும் எதிரெதிராய்த் தோன்றினாலும் இருவர் செய்யும் தவறும் ஒன்றே. இருவரும் சரீரத்தைத் தங்கள் சொந்தச் சொத்தாக நினைக்கிறார்கள். ஒருவர் அந்தச் சொத்தை அழிக்கிறார், மற்றவர் அதைப் பூசிக்கிறார். கிறிஸ்தவனோ தன் சரீரத்துக்கு எஜமானன் அல்ல, காரியஸ்தன். அர்ச்சியசிஷ்ட சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதுகையில் நம் சரீரம் இஸ்பிரீத்து சாந்துவின் ஆலயம் என்றும் நாம் நமக்குரியவர்கள் அல்ல என்றும் போதித்தார். கோவிலை இடியவிடுவதும் தவறு. கோவிலுக்குள் இருக்கும் ஆண்டவரை மறந்து சுவருக்கு ஆராதனை செய்வதும் தவறு. கொலை செய்யாதிருப்பாயாக என்ற ஐந்தாம் கற்பனை நம் சொந்த உயிரையும் காக்கிறது என்பதை மறவாதிருங்கள்.

முதலாவது, சரீரத்தோடு சமாதானம்.

எலியாஸ் தீர்க்கதரிசியின் வரலாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஜெசபேல் அரசிக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு செடியின் அடியில் விழுந்து, ஆண்டவரே எனக்குச் சாவு வரட்டும் என்று கேட்டார். அவ்வேளையில் சர்வேசுரன் ஒரு சம்மனசை அனுப்பினார். அந்தச் சம்மனசு அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை, அவரைக் கடிந்துகொள்ளவுமில்லை. தூங்கிக்கொண்டிருந்தவரைத் தட்டி எழுப்பித் தணலில் சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் காட்டிச் சாப்பிடச் சொன்னது. அவர் சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் செய்தது. அதன்பிறகே அவர் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையில் ஆண்டவரின் குரலைக் கேட்டார். மனம் உடைந்தவனுக்குச் சில சமயம் முதல் மருந்து சோறும் தூக்கமுமே. அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் என்ற மகா வேதசாஸ்திரி தமது பெரிய நூலில் துக்கத்துக்கு மருந்துகளைச் சொல்லுமிடத்தில் அழுகை, நண்பரின் அனுதாபம், சத்தியத்தைத் தியானித்தல் ஆகியவற்றோடு தூக்கத்தையும் குளிப்பையும் சேர்த்து வைத்திருக்கிறார்.

அர்ச். இஞ்ஞாசியார் இதைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டவர். 1522-ம் ஆண்டு ஸ்பெயின் தேசத்து மன்ரேசா நகரில் அவர் மனந்திரும்பிய புதிதில் கடும் தபசு செய்தார். ஒரு சமயம் ஒரு வாரம் முழுவதும் ஒன்றும் சாப்பிடாதிருந்தார். அவருடைய ஆத்தும குருவானவர் கட்டளையிட்ட பிறகே உபவாசத்தை முடித்தார். வயிற்று நோவு அவரைப் பிற்காலத்தில் நெடுநாள் வாட்டியது. அதே இஞ்ஞாசியார் 1548-ம் ஆண்டு, பின்னாளில் தாமும் அர்ச்சியசிஷ்டவராக விளங்கிய பிராஞ்சிஸ்கு போர்ஜியா பிரபுவுக்கு என்ன எழுதினார் தெரியுமா? உபவாசத்தைக் குறைத்து வயிற்றைப் பலப்படுத்தும்படிக்கும், ஜெபத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியைக் குறைக்கும்படிக்கும், ஆத்துமத்துக்குக் கீழ்ப்படிந்து உதவும் சரீரத்தை நேசிக்கும்படிக்கும் எழுதினார். இது சோம்பேறிக்குச் சொன்ன புத்தியன்று, அளவு மீறி ஓடுகிற உத்தமனுக்குச் சொன்ன புத்தி என்பதைக் கவனியுங்கள்.

நம் தாயாகிய திருச்சபையும் பிள்ளைகளின் பலத்தை அறிந்து அளவை மாற்றிக்கொள்ளத் தயங்கவில்லை. நன்மை வாங்குகிறவர்கள் முன்பு நள்ளிரவு முதல் ஒரு துளித் தண்ணீரும் குடிக்கலாகாது. அந்தக் காலத்தை அறிந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1953-ல் 12-ம் பத்திநாதர் பாப்பானவர் தண்ணீர் குடிக்க அனுமதி கொடுத்தார். 1957-ல் உணவுக்கு 3 மணி நேரம் என்று குறைத்தார். 1964-ல் 6-ம் சின்னப்பர் பாப்பானவர் 1 மணி நேரம் என்று இன்னும் இளக்கினார். 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஒரு படி மேலே போகிறது. வயோதிகரும் வியாதியஸ்தரும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதேனும் சாப்பிட்டிருந்தாலும் நன்மை வாங்கலாம். அவர்களைப் பராமரிக்கிறவர்களும் வாங்கலாம். பராமரிக்கிறவர்களையும் நினைத்தது பார்த்தீர்களா? இரவு முழுவதும் கண்விழித்துத் தாயைப் பார்த்துக்கொண்ட மகள், பூசைக்கு ஓடிவருமுன் ஒரு வாய்க் கஞ்சி குடித்ததற்காக நற்கருணையை இழக்கவேண்டியதில்லை.

ஒருசந்திக்கும் இவ்வாறே. ஒருசந்திக் கடன் 18 வயது நிறைந்தவர்களுக்கு. 60-ம் வயது தொடங்கியதும் அது நீங்கிவிடும். வியாதியஸ்தரை அது கட்டாது. ஆனாலும் நம் தாய்மார்களில் சிலர், 65 வயதிலும், இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டும், பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஒருசந்தி இருக்கிறார்கள். ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமலிருந்தால் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துபோகும்; உடல் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குளறும், நினைவு தப்பும், உயிருக்கே அபாயமாகலாம். சிலுவைப் பாதையின் நடுவில் மயங்கி விழுவதைச் சேசுநாதர் உங்களிடம் கேட்கவில்லை. அம்மா, உங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். அதற்குப் பதிலாக அன்றைக்கு ஒருவரைப்பற்றியும் குறை பேசாதிருங்கள். இந்த ஒருசந்திக்கு வயது வரம்பு கிடையாது. எந்த டாக்டரும் இதைத் தடுக்கமாட்டார்.

இரண்டாவது, நம் பலவீனத்தோடு சமாதானம்.

6-ம் நூற்றாண்டில் இத்தாலி தேசத்தில் அர்ச். ஆசீர்வாதப்பர் தம் சந்நியாசிகளுக்கு ஓர் ஒழுங்கு நூல் எழுதினார். அதில் உணவைப்பற்றிப் பேசும்போது, தினமும் சமைத்த பதார்த்தம் இரண்டு இருக்கட்டும் என்கிறார். ஏனெனில் ஒருவனுக்கு ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றதையாவது சாப்பிடலாம். திராட்சரசத்தைப்பற்றிச் சொல்லும்போது இன்னும் அழகு. சந்நியாசிகள் அதைத் தொடாதிருப்பதே நலம் என்று அவருக்குத் தெரியும்; ஆனால் தம் காலத்தவர் இதற்கு இணங்கமாட்டார்கள் என்பதும் தெரியும். ஆகவே, வயிறு முட்டக் குடியாமல் கொஞ்சமாகக் குடிப்பது என்றாவது ஒத்துக்கொள்வோம் என்று சொல்லி, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவு போட்டுவிட்டார். முழுவதும் விலக்கி வைக்கும் வரம் பெற்றவர்களுக்குத் தனிச் சம்பாவனை உண்டு என்றும் சேர்த்துக்கொண்டார். முடிந்தவனுக்கு உயர்ந்த படி. முடியாதவனுக்கும் நிற்க ஒரு படி. ஒருவனும் கீழே விழவேண்டியதில்லை. இந்த ஒழுங்கு இன்றைக்கும் அனுசரிக்கப்படுகிறது.

நாம் செய்யும் பிரதிக்கினைகள் நாற்பது நாளும் நிற்காததற்குக் காரணம் இதுதான். நம்மால் ஆகக்கூடியதைச் செய்ய நமக்கு வெட்கம். ஆகாததைச் செய்யவோ பலமில்லை. கடைசியில் ஒன்றும் செய்யாமலே போகிறோம். 2023-ல் வெளியான ஒரு பெரிய மருத்துவ ஆய்வு இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை வியாதி உண்டு என்று கணக்கிட்டது. இது நம் ஒவ்வொரு தெருவையும் தொட்ட காரியம். ஆனாலும் டாக்டர்கள் கேட்பது சந்நியாசம் அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லுவது வாரத்துக்கு 150 நிமிஷமாவது சற்று வேகமான நடை போன்ற உழைப்பு. அதாவது வாரத்தில் 5 நாள், நாளைக்கு அரைமணி. அந்த அரைமணியையும் இரண்டாய்ப் பிரித்துக்கொள்ளலாம். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி.

ஆகையால் உங்கள் பலவீனத்தோடு உட்கார்ந்து ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். நாளைக்கு நான்கு காப்பி குடிக்கிறவர் இரண்டு குடிக்கட்டும், சர்க்கரையைப் பாதியாக்கட்டும். சோற்றில் ஒரு கரண்டி குறையட்டும், கீரையில் ஒரு கரண்டி கூடட்டும். நடப்பதற்கு நேரமில்லை என்கிறவரே, 53 மணி ஜெபம் சொல்ல நேரமுண்டா? அதைக் கோவில் வளாகத்தில் நடந்துகொண்டே சொல்லுங்கள். மாதாவுக்கும் மகிமை, முழங்காலுக்கும் மருந்து. அரை மைல் தூரத்திலுள்ள கோவிலுக்கு மோட்டார் சைக்கிளில் வருகிற வாலிபர்களே, ஞாயிறன்றாவது பெற்றோரோடு நடந்து வாருங்கள். ஒருநாள் தவறிவிட்டால், எல்லாம் போயிற்று என்று கைவிடாதிருங்கள். பாவசங்கீர்த்தனம் செய்து எழுந்திருக்கும் நமக்கு, விழுந்தவன் மறுநாள் எழுந்து நடக்கலாம் என்பதைப் புதிதாய்ச் சொல்லவும் வேண்டுமோ?

மூன்றாவது, வீட்டாரோடு சமாதானம்.

அசிசி நகர் அர்ச். பிராஞ்சீஸ்குவின் வரலாற்றில் ஒரு சம்பவம். ஓர் இரவு சகோதரர்கள் எல்லாரும் தூங்கும்போது ஒருவர், "சாகிறேன், சாகிறேன்" என்று கூப்பிட்டார். பிராஞ்சீஸ்கு எழுந்து விளக்கேற்றி விசாரித்தபோது, அவர் அளவு கடந்த உபவாசத்தினால் பசி தாங்கமாட்டாமல் அலறினார் என்று தெரிந்தது. உடனே பிராஞ்சீஸ்கு பந்தி வைக்கச் சொன்னார். அந்தச் சகோதரர் தனியே சாப்பிட வெட்கப்படுவாரே என்று, தாமும் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். தம் சொந்தச் சரீரத்தையோ அவர் கழுதைச் சகோதரன் என்று அழைத்து வெகு கடுமையாய் நடத்தினார். ஆயுளின் முடிவில் அதனிடம் மன்னிப்பும் கேட்டார். தம் தபசைவிடத் தம் சகோதரனின் வெட்கத்தை மறைப்பது பெரிது என்று அந்த இரவில் கண்டார்.

இது நம் வீடுகளுக்கு எவ்வளவு பொருத்தமான பாடம்! அப்பாவுக்கு இனிப்பு ஆகாது. அவர் முன்னாலேயே மற்ற எல்லாரும் ஜிலேபி தின்றுகொண்டு, அவர் கை நீட்டினால் மட்டும், "உங்களுக்குச் சர்க்கரை, தெரியாதா?" என்று அதட்டுவது என்ன நியாயம்? வீட்டில் ஒருவருக்கு உப்புக் குறையவேண்டுமானால் குழம்பில் எல்லாருக்கும் சற்றுக் குறையட்டும். வேண்டியவர்கள் தட்டில் போட்டுக்கொள்ளட்டும். ஒருவர் அதிகாலை வேலைக்குப் போகிறவரானால், இரவு 10 மணிக்குமேல் தொலைக்காட்சியின் சத்தம் அடங்கட்டும். நோயாளியும் தன் பங்குக்கு, தனக்கு ஆகாததை மற்றவர்களும் தொடலாகாது என்று பிள்ளைகளின் பண்டிகைப் பலகாரத்தையும் தடுக்காதிருக்கட்டும்.

இங்கே கணவர்மார் சற்றுக் கவனிக்கும்படி ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். பல வீடுகளில் விட்டுக்கொடுத்தல் என்பது ஒருவரின் தலைமேலேயே விழுகிறது. அவள் எல்லாருக்கும் முன் எழுந்திருக்கிறாள், எல்லாருக்கும் பின் படுக்கிறாள். கணவனுக்கு ஒரு சமையல், மாமியாருக்குப் பத்தியச் சமையல், பிள்ளைகளுக்கு வேறு சமையல். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியின் அடியில் இருப்பது அவளுக்கு. மீன் துண்டு அவள் தட்டுக்கு வருமுன்னே தீர்ந்துபோகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்று கண்டார்கள். ஒருவரே எப்போதும் விட்டுக்கொடுத்தால் அதற்குச் சமாதானம் என்று பெயரில்லை. அது ஒருவர்மேல் ஏற்றிய சுமை. மட்டசனத்துக்குச் சற்று முன்னே நீதி என்ற புண்ணியம் நிற்பதை மறந்துவிடாதீர்கள். இந்தத் தபசுகாலத்தில் ஆண்கள் செய்யக்கூடிய அருமையான ஒறுத்தல் ஒன்று உண்டு: மனைவியும் உட்கார்ந்த பிறகே சோற்றில் கை வைப்பது. இன்னும் ஒன்று: வாரத்தில் ஒரு நாளாவது நீங்கள் முதலில் எழுந்து அடுப்பை மூட்டி, அவளைத் தூங்கவிடுவது.

கடைசியாக, ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றிலும் சமரசம் செய்யலாகாது. இரண்டுக்கும் இரண்டுக்கும் கூட்டுத்தொகை மூன்றரை என்று ஒத்துக்கொண்டால் அது சமரசமாகுமோ? குடிக்கு அடிமையானவர் ஆசீர்வாதப்பரின் அளவைக் காட்டி, "சாமியே கொஞ்சம் குடிக்கலாம் என்று எழுதிவிட்டார்" என்று சொல்லவேண்டாம். அந்த அளவு, நிறுத்தத் தெரிந்தவனுக்கு. முதல் கிளாசுக்குப் பின் தன்னை நிறுத்த முடியாதவனுக்கு உள்ள அளவு ஒன்றுமில்லை என்பதே. நெடுங்காலம் மிகுதியாய்க் குடித்தவர்கள் திடீரென்று தாமே நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும். ஆகையால் முதலில் டாக்டரிடம் போங்கள். தனியே போக வெட்கமாயிருந்தால் என்னிடம் வாருங்கள், நானும் கூட வருகிறேன். டாக்டர் கொடுத்த மருந்தை, "இன்று சுகமாயிருக்கிறதே" என்று நீங்களாக நிறுத்துவதும் சமரசமன்று. உடற்பயிற்சிக்காக ஞாயிறு பூசையை விடுவதும், தூக்கத்துக்காகக் குடும்ப ஜெபத்தை விடுவதும் சமரசமன்று. அளவில் விட்டுக்கொடுக்கலாம், உண்மையிலும் கடமையிலும் விட்டுக்கொடுக்கலாகாது.

பிரியமானவர்களே, விபூதிப் புதனுக்கு முந்தின நாள் இரவு ஜெபம் முடிந்ததும், திரு இருதயப் படத்தின் முன் குடும்பமாய் உட்காருங்கள். சிறு பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் இரண்டு காரியம் சொல்லட்டும்: இந்த நாற்பது நாளும் நான் விட்டுக்கொடுப்பது இது, என் சுகத்துக்காக உங்களிடம் நான் கேட்பது இது. கேட்கத் தெரியாத தாய்மாருக்காகப் பிள்ளைகள் கேளுங்கள். அதை ஒரு காகிதத்தில் எழுதிப் படத்தின் கீழே வையுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் அதை எடுத்துப் பார்த்து, அதிகமாய்ப் போனதைக் குறையுங்கள், குறைந்ததைக் கூட்டுங்கள். இதுவே உங்கள் குடும்பத்தின் ஒழுங்கு நூலாயிருக்கட்டும்.

சீஷர்கள் சாப்பிடவும் நேரமின்றி உழைத்து வந்தபோது, தனித்த இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறும்படி அவர்களை அழைத்த சேசுநாதர், உங்கள் சரீரத்துக்கு இளைப்பாற்றியும், உங்கள் ஆத்துமத்துக்கு விழிப்பும், உங்கள் வீட்டுக்குச் சமாதானமும் தந்தருளுவாராக. பரிசுத்த தேவமாதா உங்கள் அடுக்களையையும் பந்தியையும் காப்பார்களாக. பிதாவும் சுதனும் இஸ்பிரீத்து சாந்துவுமாகிய சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு